தோட்டத்தில் மீள்சுழற்சித் திட்டம் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதர் சங்கம், இளைஞர் கழகம், கோயில் பரிபாலன சபை என்று மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நான்கு பேர் கூடி, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் குவியும் குப்பைக்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று பேசத் தொடங்கினால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழைக்காலம் மாறும். மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் எதைச் செய்வது? தொட்டிகள் வாங்கப் பணம் திரட்டலாமா?

வேண்டாம். தொட்டி கடைசி வேலை. முதல் வேலை, சேர்த்ததை யார் எடுத்துப் போவார் என்று கண்டுபிடிப்பது. பழைய இரும்பும் போத்தலும் வாங்க லொறியில் வருகிற வியாபாரி உங்கள் பக்கத்து டவுனில் கட்டாயம் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எந்தெந்தப் பொருளை எடுப்பார், குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் லொறியைத் தோட்டத்துக்கு அனுப்புவார், மழையில் பாதை கெட்டால் எதுவரை வருவார். அவர் எடுக்க மாட்டேன் என்கிற பொருளைச் சேர்க்கத் தொடங்கினால் நீங்கள் நடத்துவது மீள்சுழற்சி அல்ல, குப்பைக் களஞ்சியம்.

ஒருவரோடு நின்றுவிடாமல் இரண்டு வியாபாரிகளிடமாவது பேசுங்கள். பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தர் இருக்கிறார். மத்திய சுற்றாடல் அதிகார சபையில் பதிவு செய்த சேகரிப்பாளர்கள் யார் என்று அவரிடம் விசாரிக்கலாம். பதிவு பெற்றவரிடம் கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு. விலைபோகாத பகுதியை அடுத்த வளைவில் பள்ளத்தாக்கில் தட்டிவிட்டுப் போகும் ஆபத்து குறைவு. இது கற்பனைப் பயம் அல்ல. மலைப்பாதை ஓரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எந்தப் பொருள்களைச் சேர்ப்பது?

தொடக்கத்தில் மூன்றே போதும்: தண்ணீரும் சோடாவும் வரும் பிளாஸ்டிக் போத்தல்கள், உலோகம், காய்ந்த காகிதமும் அட்டையும். வீட்டுக்கு வீடு சொல்லிக் கொடுக்க இதுவே போதிய வேலை. ஆறு மாதம் ஒழுங்காக நடந்தபின் நான்காவதைச் சேர்க்கலாம்.

தண்ணீர், சோடாப் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற இலக்கம் இருக்கும். ஷம்பு, சலவைத் திரவம் வரும் கெட்டிப் போத்தலில் பெரும்பாலும் 2. ஐஸ்கிரீம் டப்பாவில் பெரும்பாலும் 5. யோகட் கப்பில் 6 இருக்கும். அதை எடுக்கும் வியாபாரி குறைவு, கேட்டுவிட்டுச் சேருங்கள். இலக்கம் இருப்பதாலேயே மீள்சுழற்சி ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்கிறது.

உலோகத்துக்கு ஒரு காந்தத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மீன் டின் ஒட்டும், அலுமினியக் குடிபானக் கேன் ஒட்டாது. அலுமினியத்துக்கு விலை பல மடங்கு அதிகம். கலந்து கொடுத்தால் எல்லாவற்றுக்கும் இரும்பு விலைதான் கிடைக்கும்.

கண்ணாடி விடயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். தோட்டத்தில் கண்ணாடி என்றால் பெரும்பாலும் சாராயப் போத்தலும் பியர்ப் போத்தலும்தான், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. கழுத்து உடையாமல் முழுதாக இருந்தால் கழுவி மீண்டும் நிரப்பப் பயன்படும், அதனால் எண்ணிக்கைக்கு விலை உண்டு. உடைந்துவிட்டால் கிலோக் கணக்கு. பாரம் அதிகம், பணம் சொற்பம். உடைந்த கண்ணாடியை உருக்கும் போத்தல் தொழிற்சாலை ஹொறணையில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து அங்கே போய்ச்சேரும் லொறிக் கூலியை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் வெறுங்காலோடு கான் (வடிகால்) ஓரம் ஓடும் பிள்ளைகளுக்காக உடைந்த கண்ணாடியைத் தனி டின்னில் சேர்த்தே ஆகவேண்டும். அதை வருமானத்தில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

போத்தல் மூடியைக் கழற்றவேண்டுமா?

ஆம். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். சந்தேகமாக இருந்தால் ஒரு வாளி தண்ணீரில் போத்தல் துண்டையும் மூடியையும் போட்டுப் பாருங்கள். துண்டு மூழ்கும், மூடி மிதக்கும். மூடியைக் கழற்றினால்தான் போத்தலை மிதித்துத் தட்டையாக்கவும் முடியும். ஒரு லீற்றர் போத்தல் ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஒரு கிலோவுக்கு 40 போத்தல். நசுக்காமல் ஏற்றினால் லொறி நிறையக் காற்றுதான் போகும். வியாபாரிகள் வர மறுப்பதற்கு முதற்காரணம் இதுவே.

பிஸ்கட் உறை, பால்மாப் பை, சவர்க்காரத் தூள் பைக்கற்று?

இங்கேதான் உண்மையைச் சொல்லவேண்டும். உள்பக்கம் வெள்ளிபோல் மின்னும் உறை பல படலங்களை ஒட்டிச் செய்தது. அவற்றைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாததால் வியாபாரி எடுக்க மாட்டார். லயத்துப் பின்பக்கத்தில் கிடப்பதைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பகுதி இதுதான். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் இத்தகைய கழிவை எரிபொருளாக்குகிறார்கள். ஆனால் அது பெரிய அளவில், ஒப்பந்தத்தோடு அனுப்புவோருக்கான வழி. தோட்டத்தின் ஒரு பிரிவு (டிவிஷன்) தனியாக நினைத்துச் செய்யக்கூடியதல்ல. பிரதேச சபை வழியாகவே கேட்கவேண்டும்.

சட்டமும் கொஞ்சம் உதவியிருக்கிறது. உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றருக்கு அல்லது 20 கிராமுக்குக் குறைந்த சிறு பைக்கற்றுகள் 2021 மார்ச் 31 முதல் தடை. கடையில் இன்னும் தொங்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் செய்யக்கூடியது, உறைகளைக் கழுவிக் காயவைத்து ஒரே சாக்கில் தனியாகச் சேர்த்து, சபை லொறியிடம் கொடுப்பது. கானில் விழாமல் இருந்தாலே பெரிய காரியம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததற்குக் காரணம் பிளாஸ்டிக் அல்ல. ஆனால் சரிவில் வாழ்கிறவர்களுக்கு மழைநீர் ஓட வழியிருப்பது எவ்வளவு முக்கியம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொலித்தீன் அடைத்த கான் அந்த வழியை மறிக்கிறது.

குழி தோண்டி எரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்களே?

பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1 முதல் சட்டப்படி தடை. அதே நாளில்தான் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு அன்று, ஏப்ரல் 14ஆம் திகதி, கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள்மீது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகே நாட்டில் குப்பைபற்றிய பேச்சு சூடு பிடித்தது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது அடுப்புதான். ஈர விறகு பற்றாதபோது பொலித்தீன் துண்டு ஒன்றைச் செருகிக் கொளுத்துவது பல வீடுகளில் நாளாந்த வழக்கம். லயத்து அறையான காம்பராவில் புகைபோக்கி சரியாக இருக்காது. அந்தப் புகையில் அதிகநேரம் நிற்பது சமைக்கிற பெண், பக்கத்தில் குளிர்காயும் பிள்ளை. கூட்டத்தில் எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். அடுப்பு மூட்டப் பொலித்தீனுக்குப் பதில் காய்ந்த தேயிலைக் குச்சி (மிலார்), அட்டைத் துண்டு எதுவானாலும் பரவாயில்லை. அட்டை கொஞ்சம் அடுப்புக்குப் போவதால் திட்டம் கெட்டுவிடாது.

பிரதேச சபை இருக்கும்போது நாங்கள் ஏன் செய்யவேண்டும்?

நியாயமான கோபம். டவுனில் லொறி வருகிறது, தோட்டத்துக்குள் வருவதில்லை. இதற்கு நீண்ட கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி வருவதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் லயத்துக்குச் சேவை செய்யக் கேட்டால் அது தனியார் தோட்டம் என்பார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, தோட்ட மக்களுக்கும் சேவை வழங்க வழி திறந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலோடு மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதிய பிரதேச சபைகளும் வந்தன.

ஆகவே சபையை விட்டுவிடாதீர்கள். உங்கள் திட்டம் சபையின் கடமைக்கு மாற்று அல்ல. சபையிடம் கேட்கவேண்டியது இரண்டு: விற்க முடியாத மிச்சத்தை எடுக்க, பிரதான பாதைச் சந்திவரையாவது மாதம் குறித்த ஒரு நாளில் லொறி, சேதனப் பசளைக்கான பீப்பாய்கள். “வந்து குப்பை அள்ளுங்கள்” என்று கேட்பதைவிட “பிரித்து, சாக்கில் கட்டி, சந்தியில் வைத்திருக்கிறோம், இந்த நாளில் எடுங்கள்” என்று கேட்டால் மறுப்பது கடினம்.

தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வேண்டுமா?

வேண்டும், எழுத்தில். காணி அரசுக்குச் சொந்தமானாலும் பெரும்பாலான தோட்டங்களில் குத்தகை நிர்வாகம் கம்பனியிடம் இருக்கிறது. வாயால் “சரி, செய்யுங்கள்” என்ற துரை மாற்றலாகிப் போனால் புதியவருக்கு ஒன்றும் தெரியாது. பாவிக்காத பழைய கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டில்), மூடிக்கிடக்கும் பிள்ளைக்காம்பரா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்), பழைய ஸ்டோரின் ஒரு மூலை ஆகியவற்றில் ஒன்றைக் கேளுங்கள். கூரை ஒழுகாமல் இருக்கவேண்டும்; தண்ணீர்ப் பீலிக்கும் ஓடைக்கும் மேற்பக்கச் சரிவில் இருக்கக்கூடாது; லொறி திரும்ப இடம் வேண்டும். மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அதன் பெயரில் கடிதம் கொடுப்பது சுலபம். ஏற்கெனவே பதிவும் வங்கிக் கணக்கும் உள்ள அமைப்பு அது.

மழைக்காலத்தில் எப்படி?

மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர்வரை காகிதத்தை மறந்துவிடலாம். நனைந்த அட்டைக்கு நிறை கூடும், விலை இருக்காது; சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வாங்கியவர் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வரமாட்டார். அந்த மாதங்களில் போத்தலும் உலோகமும் மட்டும் சேருங்கள்.

சேர்த்த போத்தல், டின், யோகட் கப் எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் களஞ்சியத்தைப் பார்க்க வந்தால் பாராட்டுப் பத்திரத்தோடுதான் வருவார் என்று நினைக்காதீர்கள். அவரை முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இதில் எவ்வளவு வருமானம் வரும்?

கொஞ்சம். இதைத் தொழிலாகக் காட்டி யாரையும் சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக், இரும்பு விலைகள் ஏறி இறங்கும், லொறிக் கூலி மட்டும் ஏறும். வருகிற பணம் ஒரு பொதுக் காரியத்துக்கு உதவும், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. தோட்டங்களில் இருக்கும் மரண உதவிச் சங்கத்துக்குப் பணத்தைக் கொடுப்பது எல்லோருக்கும் உடன்பாடாக இருக்கும் என்பது என் கருத்து. கோயிலுக்குக் கொடுத்தால் எந்தக் கோயில் என்ற கேள்வி வரும்.

பணத்தைவிடக் கணக்கு முக்கியம். லொறி வந்த திகதி, பொருள்வாரியாக நிறை, கிலோ விலை, கிடைத்த தொகை ஆகிய நான்கையும் தாளில் எழுதி அன்றைக்கே கொழுந்து மடுவத்துச் சுவரில் ஒட்டுங்கள். நிறுக்கும்போது குறைந்தது இரண்டு பேர் நிற்கட்டும், அவர்களில் ஒருவர் கொழுந்து பறிக்கிற பெண்ணாக இருக்கட்டும். தராசில் கிலோவை விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துப் பழகிய கண் அது. வியாபாரியால் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

எங்கள் தோட்டத்தில் மூன்று தொழிற்சங்கங்கள். யார் தலைமை?

மூன்று தலைவர்களையும் முதல் நாளே கூப்பிடுங்கள், எவரையும் திட்டத்தின் தலைவராக்காதீர்கள். பொறுப்பை மாதர் சங்கத்திடம் கொடுத்த இடங்களில் சண்டை குறைவு. தொட்டியில் எந்த அரசியல்வாதியின் படமும் வேண்டாம். தேர்தல் முடிந்ததும் படத்தோடு தொட்டியும் உடைபடும். நிறம்கூட இங்கே வில்லங்கம்தான். இலங்கையில் வழக்கமான நிறங்கள்: உக்கும் கழிவுக்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் கட்சி நிறங்கள். இது அரசாங்கத்தின் குப்பை நிறம் என்று கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாக்கில் பெயரை எழுதினால் அந்தத் தொல்லையும் இல்லை. காலியான உரச் சாக்கை நன்றாகக் கழுவி, நான்கு கம்புகளில் கட்டித் தொங்கவிட்டால் அதுவே தொட்டி.

சமையலறைக் கழிவை என்ன செய்வது?

வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இதுதான். இதைப் பிரித்துவிட்டால் மீதி நாறாது, நனையாது, பிரிக்கிறவருக்கும் அருவருப்பு இல்லை. ஆகவே மீள்சுழற்சியின் பாதி வெற்றி இந்த வாளியில் இருக்கிறது.

தாழ்நிலத்தில் மூன்று மாதத்தில் பசளையாவது இங்கே ஆகாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். குளிரில் உக்கும் வேகம் குறையும், ஐந்து மாதமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். செய்யவேண்டியது: குவியலைச் சிறிதாக வைக்காமல் ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரமாவது கட்டுங்கள், அப்போதுதான் உள்ளே சூடு தங்கும். மரக்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை, புல் இரண்டு பங்கு போடுங்கள். மாட்டுச் சாணம் கிடைத்தால் அடுக்குக்கு அடுக்கு கரைத்து ஊற்றுங்கள். மேலே படங்கு போட்டு மூடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கை ஈரமாகவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் காய்ந்த சருகு சேர்த்துக் கிளறுங்கள். மீன் முள்ளும் மிச்சச் சோறும் குவியலின் நடுவில் ஆழமாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் எலி வரும்.

சேதனப் பசளை என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியபோது லீக்ஸும் கிழங்கும் போட்டவர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அவர்களிடம் உரத்துக்குப் பதில் இது என்று வாதாட வேண்டாம். வீட்டுப் பின்பக்கத்துக் கரட் பாத்திக்கு இலவசமாகக் கிடைக்கிற மண் என்று மட்டும் சொல்லுங்கள். அதுதான் உண்மையும்.

குப்பைக்கும் சிறுத்தைக்கும் என்ன தொடர்பு?

குப்பைமேடு நாயைக் கூட்டும், நாய் சிறுத்தையைக் கூட்டும். மலையகத் தோட்டங்களில் சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. காட்டுப்பன்றியும் அழுகிய உணவைத் தேடி வரும். பன்றிக்கு வைக்கும் கம்பித் தடத்தில் சிறுத்தை மாட்டிச் சாவதும் நடந்திருக்கிறது. உணவுக் கழிவை லயத்தின் ஓரத்தில் திறந்து கொட்டாமல் இருப்பது, விடியற்காலையில் வெளியே போகிற பெண்களின் பாதுகாப்புக் காரியமும்கூட.

பூச்சிமருந்து, களைக்கொல்லி கொள்கலன்களைச் சேர்க்கலாமா?

கூடாது. தோட்டத்தில் பாவித்தவை நிர்வாகத்தின் களஞ்சியத்துக்குத் திரும்பவேண்டியவை. சொந்த மரக்கறித் தோட்டத்தில் பாவித்ததானால், காலியானவுடன் மூன்றுமுறை அலசி, அலசிய நீரை மருந்துத் தாங்கியிலேயே ஊற்றித் தெளித்துவிட்டு, கொள்கலனில் துளையிட்டுத் தனியாக வையுங்கள். துளையிடச் சொல்வது, யாரும் அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ வைக்கக்கூடாது என்பதற்காக.

பழைய தொலைபேசி, மின்குமிழ், பற்றரி?

தனிப் பெட்டி, உடைக்கக்கூடாது. சி.எஃப்.எல். குமிழில் பாதரசம் இருக்கிறது. வாகனப் பற்றரியின் அமிலத்தை யாரும் கானில் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றை வாங்க அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

நாப்கின், குழந்தை டயபர்?

மீள்சுழற்சி இல்லை. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் அவை ஓடையில் போய்ச் சேருகின்றன. மாதர் சங்கக் கூட்டத்தில் தனியாகப் பேசி, காகிதத்தில் சுற்றி மூடிய வாளியில் இட்டு, சபை லொறிக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். லொறி வராத இடத்தில் நீர்நிலைக்கு எட்டத்தில் மூடியுள்ள ஆழமான குழி ஒன்றுதான் வழி. இடத்தைப் பரிசோதகரிடம் காட்டிவிட்டுத் தோண்டுங்கள்.

பிள்ளைகளைக் கொண்டு பிரிக்க வைக்கலாமா?

வீட்டில் கழுவிக் காயவைத்த போத்தலை மிதிப்பது, இலக்கம் பார்த்துச் சொல்வது சரி. குவியலில் கைவிடுவது பெரியவர்கள் வேலை, அதுவும் தடித்த கையுறையோடு. எலி மூத்திரம் பட்ட குப்பையில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் கீறல் இருந்தாலே போதும்.

நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் சீசன், கோயில் திருவிழா நாள்களில்?

மார்கழிப் போயா முதல் வெசாக் போயாவரை சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் விட்டுப்போகும் போத்தலில் ஒரு பகுதி மஸ்கெலியா நீரேந்துப் பகுதிக்கு இறங்குகிறது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அம்பத்தலையில் அந்த ஆற்று நீரைச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கொழும்பு அதிகாரிகளிடம் உதவி கேட்கும்போது இதை நினைவூட்டத் தயங்காதீர்கள். சீசனில் கடைக்காரர்களிடம் வாரம் ஒருமுறை போத்தல் எடுக்க ஒப்புக்கொண்டால் தோட்டத்தில் பல மாதம் சேர்வது அங்கே சில வாரத்தில் சேரும்.

திருவிழா அன்னதானத்துக்கு வாழையிலை மலையில் கிடைப்பது அரிது, உண்மை. கோயிலுக்கு எவர்சில்வர் தட்டு வாங்கிக் கொடுக்கும்படி உபயகாரர் ஒருவரைப் பிடியுங்கள். தட்டில் பெயர் வெட்டித் தருவதாகச் சொன்னால் ஆள் கிடைக்கும்.

கடிதம் எந்த மொழியில், யார் யாருக்கு?

தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் ஆட்சிமொழி, பதிலும் தமிழில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பிரதேச சபைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் ஒரே கடிதம். பிரதிகள் தோட்ட முகாமையாளர், பிரதேச செயலகச் சுற்றாடல் உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிராம உத்தியோகத்தர் ஆகியோருக்கு. தோட்டம், டிவிஷன், குடும்பங்களின் எண்ணிக்கை, சேகரிக்கும் இடம், லொறி வரக்கூடிய சந்தி, கேட்கிற நாள் இவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் சிட்டையின் பிரதியை இணைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.